பெரியப்பாவின் காதும் வக்கீல் மாமாவின் வாயும்

சங்கீதம் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இதை உங்களிடம் சொல்வதில் தப்பில்லை. நீங்களும் என் வயதுக்காரர்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் புரை, மீதிப் பேருக்கு முழங்காலில் வலி. அநேகமாக எல்லாரும் திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஏதாவது ஒரு தெருவில் தவழ்ந்தவர்கள். போன மாதம் நம்மில் ஒருவருடைய பிள்ளைக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, சாப்பிட்டுவிட்டு வெற்றிலையும் கையுமாக உட்கார்ந்து, “அந்தக் காலத்திலே ரசிகாள்னு இருந்தா” என்று எல்லாரும் பெருமூச்சு விட்டீர்களே, அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரோடு நான் ஒரே வீட்டில் இருந்தேன், இன்னொருவர் எதிர் வீட்டில் இருந்தார். அவர்கள் கேட்ட லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இது யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய சமாசாரம். அப்பாவுக்கு ஆலப்புழையில் உத்தியோகம். அங்கே வீடு சரியாக அமையாததால் அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியம்மா ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அத்தையும் உண்டு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைக்குட்டித் தங்கை. எனக்கு ஒன்பது வயது, அத்தைக்குப் பதினேழு. ஜாதகத்தில் செவ்வாய் என்று அவள் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் அவள் பாடக் கற்றுக்கொண்டு விட்டாள். செவ்வாய்க்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

பெரியப்பா சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். ஆபீசில் அவர் பேச்சை யாரும் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைச் சங்கீதத்தில் தீர்ப்புச் சொல்லி ஈடுகட்டிக்கொண்டார். அவருடைய ரசனைக்கு ஒரே ஒரு சட்டம்தான். அவர் பையனாக இருந்தபோது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வித்வான் வந்து கோவில் மண்டபத்தில் தோடி பாடினாராம். பெரியப்பா அதைக் கேட்டாராம். அதோடு உலகத்தில் சங்கீதம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எவன் பாடினாலும், அந்தத் தோடியிலிருந்து அவன் எத்தனை தூரத்தில் நிற்கிறான் என்று அளந்து பார்ப்பதற்குத்தான் அவர் கச்சேரிக்குப் போனார். எல்லாரும் தூரத்தில்தான் நின்றார்கள். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும்.

ஆலாபனை என்றால் என்ன என்று உங்கள் பேரன் பேத்திகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வார்த்தை இல்லாமல், யாரும் கட்டிக் கொடுத்த மெட்டு இல்லாமல், ராகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த நிமிஷத்தில் மனசில் என்ன தோன்றுகிறதோ அதன்படி விரித்துப் பாடுவது. அதற்குத் தாளம் கிடையாது. பெரியப்பா அதற்கும் தொடையில் தாளம் போடுவார். முன் வரிசையில் உட்கார்ந்து பளார் பளாரென்று போடுவார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருக்கிற கிளார்க்குகளும் போடுவார்கள். மேடையில் இருக்கிற மனுஷன் கண்ணை மூடிக்கொள்வான். அது லயிப்பில் மூடியதாக்கும் என்று பெரியப்பா வீட்டுக்கு வந்து சொல்வார்.

எதிர் வீட்டு வக்கீல் மாமா இதற்கு நேர் எதிர். அவருக்குப் பழசு என்றாலே கொட்டாவி வரும். நேற்று வந்தது நல்லது, நாளைக்கு வரப்போவது அதைவிட நல்லது என்பது அவர் கட்சி. ஹார்மோனியத்தில் இங்கிலீஷ் நோட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். சாயங்காலம் தோட்டத்தில் பட்டாளத்துப் பேண்டு வாசித்தால் கோர்ட்டிலிருந்து நேரே அங்கே போய்விடுவார். கேட்பார் என்று சொல்வது உபசாரத்துக்கு. எந்தச் சங்கீதமானாலும் அது தொடங்கின உடனே அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அது முடிந்த பிறகும் அவர் பேச்சு முடியாது. அவர் ஒரு ராகத்தை முழுசாகக் காதில் வாங்கினதை வக்கீல் மாமி ஆயுசில் பார்த்ததில்லை. இது மாமியே சொன்னது.

தெருவில் முதல் கிராமபோன் அவர் வீட்டில்தான் வந்தது. தேக்குப் பெட்டி, ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழல், சாவி கொடுக்க ஒரு கைப்பிடி, ஊசி போட்டு வைக்கத் தகர டப்பி. அந்த டப்பியைத் திறந்தால் எண்ணெயும் இரும்புமாக ஒரு வாசனை வரும். நான் அதை முகர்ந்து பார்ப்பதற்கென்றே அங்கே போவேன். பெரியப்பாவைச் சீண்டுவதற்காக மாமா ஒரு பிளேட்டு வாங்கி வந்தார். பெரியப்பா கும்பிடுகிற அதே வித்வான், வயசான காலத்தில் பாடிக் கொடுத்த தோடி ஆலாபனை. பெரியப்பா ஜன்னலை இழுத்து மூடினார்.

“மிஷினுக்குள்ளே அவர் எப்படிப் பாடுவார்? வேறே எவனோ அவர் மாதிரி கனைச்சுக் காட்டியிருக்கான். எங்காத்திலே யாரும் அதைக் கேக்கப்படாது” என்று உத்தரவும் போட்டார்.

மாமா தினமும் ஆபீஸ் நேரம் முடிந்து எல்லாரும் வீடு திரும்புகிற சமயமாகப் பார்த்து அதை வைத்துவிட்டு, வாசலில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மாமி கை தவறி ஊசியைப் பிளேட்டின் மேல் போட்டுவிட்டதில் அதன் நடுவில் ஒரு கீறல் விழுந்தது. அதற்குப் பிறகு ஊசி அந்த இடத்துக்கு வந்தால் மேலே நகராது. வித்வான் ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார். மாமி உள்ளிருந்து ஓடி வந்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். ஊசி துள்ளி, கொஞ்சத்தைத் தாண்டி, மேல் ஸ்தாயியில் போய் விழும். எங்களுக்கெல்லாம் அது பழகிப் போயிற்று. மாமா வாசலில் பேசிக்கொண்டே இருப்பார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் அத்தை வளர்ந்தாள்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டு வாத்தியார் பாட்டு மட்டும் சொல்லிக் கொடுத்தார். பெண்களுக்குப் பாடாந்தரம் போதும், ராகம் விஸ்தாரமாகப் பாடுவது ஆண் பிள்ளைகள் காரியம் என்பது அன்றைய வழக்கம். நீங்கள் மறந்திருக்கலாம். மறப்பது உங்களுக்குச் சௌகரியம். அத்தை மச்சில் ஏறி, பித்தளை அண்டாக்களுக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்து, தனக்குத் தானே ராகம் பாடிப் பார்ப்பாள். நான் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்பேன். ஒரு நாள் பாடினது மறுநாள் வராது. அதே ராகம், அதே அண்டா, ஆனால் வேறு வழி. ஏன் நேற்றையது மாதிரி பாடவில்லை என்று கேட்டால், “நேத்து பாடினதுக்கு இன்னிக்கு நான் எதுக்குடீ?” என்பாள்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு எங்களையெல்லாம் வில்வண்டியில் விழிஞ்ஞத்துக்கு அழைத்துப் போனார் பெரியப்பா. கடலில் ஸ்நானம் பண்ணி, தர்ப்பணம் பண்ண வேண்டும். அங்கே கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்து இரண்டு வரிசையாக ஆட்கள். ஒருவன் குரல் கொடுப்பான், மற்றவர்கள் வாங்குவார்கள். அது பாட்டா, கூப்பாடா என்று சொல்ல முடியாது. பாரம் ஏற ஏறக் குரல் இறங்கும். இறங்கின இடத்திலேயே நின்று முனகும். வலை அசைந்து கொடுத்தால் ஒரேயடியாக மேலே போகும். அத்தை ஈரப் புடவையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கேட்டியாடீ? கீழே போய் அங்கேயே நிக்கறா. அவசரமே இல்லே அவாளுக்கு” என்றாள்.

“அங்கே என்ன வாயைப் பொளந்துண்டு நிக்கறாய்? குளிச்சாச்சுன்னா வண்டியிலே ஏறு. வெறுதே ஜலதோஷம் பிடிச்சுக்காதே” என்றார் பெரியப்பா. வீடு வந்து சேர்கிற வரை அத்தையின் வாய்க்குள் ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் ஊரில் ஒரு செய்தி பரவியது. புதிதாக ஒரு சங்கீதப் பள்ளி திறந்திருக்கிறார்கள், அதில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், பாட்டோடு ராகம், தானம், ஸ்வரம் எல்லாம் முறையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று. விஜயதசமிக்குச் சேர்க்கை. அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவள் எதற்கும் பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். அதற்கு இரண்டு பேர் தயவு வேண்டியிருந்தது. வீட்டுப் பெரியவர் என்ற முறையில் பெரியப்பா சம்மதிக்க வேண்டும். பள்ளியின் கமிட்டியில் இருந்த வக்கீல் மாமா, இந்தப் பெண்ணுக்கு ஞானம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தையின் ஆயுசு முழுக்க அந்த இரண்டு பேர் கையில் போய் மாட்டிக்கொண்டது. வேறு இரண்டு பேர் ஊரில் கிடைக்கவில்லையா என்று இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடைசியில் அம்மா இடையில் புகுந்து பேசினாள். “ஒரு நாள் கூடத்திலே உக்காந்து அவ ராகம் பாடறதைக் கேளுங்கோ. வக்கீலாத்து மாமாவையும் கூப்பிடுங்கோ. ரெண்டு பேரும் கேட்டுட்டு என்ன சொல்றேளோ அதன்படி ஆகட்டும்” என்றாள். தீர்ப்புச் சொல்ல அழைக்கிறார்கள் என்றதும் பெரியப்பா மறுக்கவில்லை.

நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் அந்தக் கச்சேரி நடந்தது. கச்சேரி என்றால் மேளதாளம் ஒன்றுமில்லை. கூடத்தில் ஜமக்காளம், அத்தை மடியில் தம்புரா, எதிரே பெரியப்பா, வக்கீல் மாமா, அவரோடு ஒட்டிக்கொண்டு வந்த போஸ்ட் மாஸ்டர். அம்மாவும் மாமியும் நானும் உள்கட்டு நிலைப்படிக்குப் பின்னால். காலையிலிருந்து மழை பெய்து, குளிர் காற்று வீசிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் சொட்டியது.

அத்தை காம்போதி எடுத்தாள். முதலில் எல்லாரும் பாடுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு, மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் கீழே இறங்கினாள். இறங்கி, அங்கேயே நின்றாள். தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது, குரல் அசையாமல் அடியில் கிடக்கிறது, பிறகு கொஞ்சம் இழுக்கிறது, மறுபடி நிற்கிறது. எனக்கு ராகம் தெரியாது. ஆனால் விழிஞ்ஞத்து மணல் என் காலுக்கடியில் நகர்ந்தது தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்தேன். அவள் சட்டென்று மேலே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வயசுப் பெண் எதற்கு அழுகிறாள் என்று கேட்காதீர்கள். அதற்குக் காரணம் இருந்தது, அது கூடத்தில் பாடிக்கொண்டிருந்தது.

இந்த நேரமெல்லாம் பெரியப்பா தொடையில் தாளம் போட்டார். வக்கீல் மாமா போஸ்ட் மாஸ்டரிடம் பேண்டு வாத்தியத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஓய், அதிலே முப்பது பேர் சேர்ந்து ஊதுவான். ஒருத்தன் மேலே போனா இன்னொருத்தன் கீழே போவான். அதுக்குப் பேர் ஹார்மனியாக்கும். இங்கே என்ன இருக்கு? ஒரு பொண்ணு, ஒரு தம்புரா. இதிலே புதுசா எங்கேருந்து வரப்போறது?”

அத்தை முடித்தாள். பிறகு மாமா பெரியப்பாவின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். பெரியப்பாவுக்கு அது காதில் விழவில்லை. “இரும்” என்று சொல்லிவிட்டு, வலது காதிலிருந்து கிராம்புத் தைலத்தில் நனைத்த ஒரு பெரிய பஞ்சு உருண்டையை எடுத்தார். பிறகு இடது காதிலிருந்து இன்னொன்று. இரண்டையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, “இப்போ சொல்லும்” என்றார்.

குளிர் காற்று அடித்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அன்று வைத்திருந்ததை அவர் மறந்தே போனார். வக்கீல் மாமாவின் பேச்சுக்காக எடுத்தாரே தவிர, தங்கையின் பாட்டுக்காக எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவளும் பார்த்துவிட்டாள். ஆனால் அந்த வீட்டில் அதைச் சொல்ல யாருக்கு வாய் இருந்தது?

பெரியப்பா மூக்குப்பொடி டப்பியைத் தட்டினார். “குரல் இருக்கு. நான் இல்லேன்னு சொல்லல்லே. பின்னே, பெரியவா போட்டு வெச்ச வழின்னு ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டு இவ எங்கெங்கேயோ அலையறா. இது நம்மாத்துக்கு லாயக்கில்லே.”

“நீர் சொல்றது தப்பு ஓய்” என்றார் வக்கீல் மாமா. “எங்கே அலைஞ்சா? எல்லாம் அதே பழைய பாதையாக்கும். கேட்டுக் கேட்டுப் புளிச்சது. ஒரிஜினாலிட்டி வேணும் ஓய், ஒரிஜினாலிட்டி. கமிட்டியிலே நான் என்னன்னு சொல்றது?”

“அப்போ உமக்கும் பிடிக்கல்லே.”

“பிடிக்கல்லே.”

“எனக்கும் பிடிக்கல்லே. பின்னே மதி, இத்தோட போதும். பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

வருஷக்கணக்காக எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மாமா பெரியப்பாவின் டப்பியிலிருந்து ஒரு சிட்டிகை பொடி எடுத்துக்கொண்டார். அம்மா காப்பி கொண்டுபோய் வைத்தாள். அத்தை தம்புராவுக்கு உறை போட்டு, சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெளியே இரண்டு பேரும் பேண்டு வாத்தியமா நாகஸ்வரமா என்று உற்சாகமாகச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அத்தை மத்தியானங்களில் என்னை அழைத்துக்கொண்டு வக்கீல் மாமி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். கொலு வைக்க ஒத்தாசை என்று வீட்டில் சொன்னாள். மாமி கதவைச் சாத்திவிட்டுக் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பாள். அத்தை அந்தத் தோடிப் பிளேட்டைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வாள். நான் ஊசி டப்பியை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கீறல் விழுந்த இடத்தில் மாமி தட்டப் போனால், “இருங்கோ மாமி, இன்னும் ரெண்டு தரம் சுத்தட்டும்” என்பாள் அத்தை. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பாட்டு முடிந்ததும் பொம்மைகளைத் துடைத்துப் படியில் வைப்போம்.

சரஸ்வதி பூஜை சாயங்காலம் மாமி தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லி, அவர் பெரியப்பாவிடம் சொல்லி, பண்டிகை நாளாகக் குழந்தை இன்னொரு தடவை பாடட்டும் என்று முடிவாயிற்று. அதே கூடம், அதே மூன்று பேர். மழை விட்டிருந்தது. பெரியப்பாவின் காதில் பஞ்சு இல்லை என்பதை நான் முதலிலேயே பார்த்துக்கொண்டேன். ஆகவே சாக்குச் சொல்ல அவருக்கு வழியில்லை. வக்கீல் மாமாவின் வாயில் பூஜைச் சுண்டல் இருந்ததால் அவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அத்தை தோடி எடுத்தாள். முதல் பிடியிலேயே மாமி என் கையைக் கிள்ளினாள். அது அந்தப் பிளேட்டு. அதே கனைப்பு, அதே இடத்தில் மூச்சு, வயசான மனுஷர் குரல் நடுங்குகிற இடத்தில் அதே நடுக்கம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பெண் மாதிரி பாடினாள். அவள் பாட்டில் அவள் எங்குமே இல்லை. கீறல் விழுந்த இடம் வந்தது. அந்தப் பிடியைப் பாடினாள். மறுபடி பாடினாள். மூன்றாவது தடவையும் துளி மாறாமல் அதையே பாடினாள். பிறகு, மாமி விரலால் தட்டினால் ஊசி எங்கே போய் விழுமோ, அங்கே ஒரே துள்ளலாக மேல் ஸ்தாயியில் போய் நின்றாள். மாமி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“ஆஹா” என்றார் பெரியப்பா. அவர் கண்ணில் ஜலம் கட்டியிருந்தது. “இதாக்கும் தோடி. அன்னிக்கு மண்டபத்திலே கேட்டேனே, அதே தோடி. இது நம்ம பெரியவா வழி. யார்கிட்டே கேட்டே நீ இதை?”

அத்தை வாயைத் திறப்பதற்குள் வக்கீல் மாமா சுண்டலை விழுங்கிவிட்டார்.

“பெரியவா வழியா? ஓய், உமக்கு ஒண்ணும் புரியல்லே. ஒரே பிடியை மூணு தரம் வெச்சாளே, எந்தப் பெரியவா அப்படிப் பாடினா? அப்பறம் அந்தச் சாட்டம். நடுவிலே படியே இல்லாம ஒரே தாவு. இது சுத்த மாடர்ன் ஓய். நான் இதுவரைக்கும் இந்த மாதிரி கேட்டதே இல்லே.”

தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக் குழல் வழியாகத் தெரு முழுக்கக் கேட்ட சங்கீதம் அது. அவர் கேட்டதே இல்லையாம். அது ஒன்றுதான் அன்று அவர் சொன்ன உண்மை.

பெரியப்பா சம்மதித்தார். வக்கீல் மாமா கமிட்டியில் பேசுவதாக வாக்குக் கொடுத்தார். இது பழசு என்று பெரியப்பாவும் இது புதுசு என்று மாமாவும் அதற்கப்புறம் வெகு நேரம் வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். போஸ்ட் மாஸ்டர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

சமையலறையில் அம்மா அத்தையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். “ஜெயிச்சுட்டே. சமர்த்துடீ நீ” என்றாள்.

அத்தை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் பாடினதுக்கு வேண்டாம்னா, மன்னி. பிளேட்டு பாடினதுக்குச் சரின்னா. அங்கே போயி இனிமே நான் எதைப் பாடறது?”

அம்மா அவள் முகத்தைத் தலைப்பால் துடைத்தாள். “அழாதே, பூஜை நாள்” என்றாள்.

அத்தை பள்ளியில் சேர்ந்தாள். நன்றாகவே தேறினாள். பிறகு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகி, பென்ஷன் வாங்குகிற வரை குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். வரி பிசகாமல், மெட்டு மாறாமல், வரிசையாக உட்காரவைத்து. நடுவில் கல்யாணமும் ஆயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆலாபனை என்று அவள் வாயைத் திறந்து அப்புறம் நான் கேட்டதில்லை. அந்தக் காலத்திலேயே தங்கையைச் சங்கீதம் படிக்க அனுப்பிய விசால மனசுக்காரர் என்று பெரியப்பாவுக்குத் தெருவில் பேர். ஒரு விழாவில் அவருக்கு மாலை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். ஆலாபனை மாதிரியான மனோதர்ம சங்கீதத்தை வளர்த்தவர் என்று வக்கீல் மாமா மைக்கில் பேசினார். வெகு நேரம் பேசினார். நீங்கள் பெருமூச்சு விடுகிற ரசிகர்கள் இவர்கள்தாம்.

அத்தை கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தாள். நானும் கிழவி, அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடக் கிழவி. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் கட்டிலில் எதிரும் புதிருமாகப் படுத்திருந்தோம். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏண்டி, முதல் தடவை கூடத்திலே காம்போதி பாடினேனே. நீ நிலைப்படிகிட்டே இருந்தியே. அது நன்னா இருந்துதா?”

அவளுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கேட்பதற்கு அவளுக்கு வேறு ஆள் கிடையாது. அந்தக் கூடத்தில் அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டவர்களில் அம்மாவும் மாமியும் போய்விட்டார்கள். நான்தான் பாக்கி.

“இருந்தது” என்றேன்.

“எனக்கு ஒரு ஸ்வரம் கூட ஞாபகம் இல்லே. எப்படிப் பாடினேன், சொல்லு.”

எனக்குப் பாட வராது. உங்களுக்கே தெரியும், ஆரத்திப் பாட்டுக்குக் கூட வாயசைக்கிறவள் நான். அதனால் வாயால் சொன்னேன். மேலே போக வேண்டிய இடத்தில் நீ கீழே இறங்கினாய். அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். கொஞ்சம் இழுத்தாய், வரவில்லை, விட்டுவிட்டாய். எனக்கு மூச்சு முட்டியது. முற்றத்தில் தண்ணீர் சொட்டியது கூட உன் ராகத்தில் சேர்ந்துகொண்டது. பிறகு வலை அசைந்து கொடுத்தது, நீ மேலே வந்தாய், நான் அழுதேன் என்று சொன்னேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

சொன்னேன். முதலில் சொன்ன மாதிரி வரவில்லை.